சோம்பேறிச் சுண்டுவிரல்

திங்கட்கிழமை மத்தியானம். ஏழாம் வகுப்புக்குத் தவளையின் இதயத்தைப் போர்டில் வரைந்துகொண்டிருந்தேன். அலமேலு ஒரு கவரைக் கொண்டுவந்து வாசலில் நின்றாள்.

“டீச்சர், வந்துடுச்சி.”

“பிரிச்சுப் பார்த்தியா?”

“நான் பிரிக்க மாட்டேன். போன தபா பிரிச்சி இன்னா ஆச்சி?”

கவரை என் மேஜைமேல் வைத்துவிட்டு, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். தபாலைத் தொட்டதற்குக் கை துடைத்த மனுஷியை நான் அன்றுதான் பார்த்தேன்.

இந்தக் கவரில் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இதற்கு முன்னால் வந்த கவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். மூன்று மாதமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் மலை பஸ்ஸைப் பற்றியும் பலாப்பழத்தைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேனே... அதெல்லாம் கோபம் ஆறட்டும் என்று எழுதியது. ஆறவில்லை.

ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் நான் சயின்ஸ் டீச்சர் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் பள்ளியில் ஒரு பியானோ இருக்கிறது.

ஆமாம், பியானோ. ஜவ்வாது மலையில். சிரிக்க வேண்டாம். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரக் காட்டதிகாரி தன் பங்களாவுக்காக மேலே ஏற்றியது. அவர் ஊரைப் பார்க்கப் போய்விட்டார். பியானோவைக் கீழே இறக்க யாருக்கும் தெம்பில்லை. பங்களாவிலிருந்து எப்படியோ பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. எலி உள்ளே குடித்தனம் நடத்தியதில் மூன்று கட்டைகள் ஊமை. மழைக்காலத்தில் நான்கு. விரலால் அழுத்துகிறோமே, அந்தக் கட்டைகளைச் சொல்கிறேன்.

அலமேலு எங்கள் விடுதியில் ஆயா. இந்த மலைக்காரி. என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஆரம்பத்தில் நானும் ‘நீங்க’ என்றுதான் பேசினேன். ஒரு வருஷத்தில் என் பக்கம் ‘நீ’ ஆகிவிட்டது. அவள் பக்கம் இன்னும் ‘டீச்சர்’தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், காலைப் பிரார்த்தனைக்குப் பியானோ சத்தம் கேட்டது. பாட்டு டீச்சர் யார் என்று எட்டிப் பார்த்தேன். ஸ்டூலில் அலமேலு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துச் சுவரில் துடைப்பம் சாய்த்து வைத்திருந்தது.

“யார் சொல்லிக் குடுத்தாங்க?”

“யாரு சொல்லிக் குடுப்பா? தூசி தொடைக்கச் சொல்ல தட்டிப் பார்த்தேன். பாட்டுக்கு எது ஒத்துப் போதோ அத்த வெச்சிகினேன். ஒத்துப் போவாதத வுட்டுட்டேன்.”

நான் சின்ன வயதில் வேலூரில் ஆறு வருஷம் பியானோ கற்றுக்கொண்டவள். அடி ஸ்கேலால் முட்டியில் வாங்கிக் கற்றுக்கொண்டது. அதனால் எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டாமா? இல்லை. ‘ஐயோ, விரலைத் தப்பாக வைக்கிறாளே’ என்றுதான் தோன்றியது. ஸ்கேல் அடி அவ்வளவு சீக்கிரம் போகாது.

பியானோ பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. வலது கை பாட்டின் மெட்டை வாசிக்கும். இடது கை அதற்குத் துணை. பெரும்பாலும் ஒரே மாதிரியான துணைதான் — கீழே கனமாக ஒரு தட்டு, மேலே லேசாக இரண்டு தட்டு. தம்... தா தா. தம்... தா தா. ஒரு கூட்டம் பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது அந்தத் ‘தம்’தான் எல்லோரையும் கட்டி இழுத்துக்கொண்டு போகும். அது ஒரு நொடி பிந்தினால் முன்வரிசை ஒரு பாட்டு, பின்வரிசை ஒரு பாட்டு.

அந்தத் ‘தம்’மை எந்த விரல் தட்ட வேண்டும்? புத்தகத்தைக் கேட்டால் சுண்டுவிரல் என்று சொல்லும். ‘தா தா’வுக்கு நடுவிரலும் கட்டைவிரலும் சேர்ந்து வர வேண்டும். ஐந்து, மூன்று, ஒன்று என்று ஸ்வரங்களுக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் நம்பர் போட்டிருக்கும். கட்டைவிரல் ஒன்று. சுண்டுவிரல் ஐந்து.

இதிலேயே ஒரு கூத்து நடந்தது. நான் வருவதற்கு முன்பே, பியானோ ஸ்டூலுக்குள் கிடந்த ஒரு பழைய புத்தகத்தை அலமேலு கண்டுபிடித்திருக்கிறாள். எட்டாவது வரை படித்தவள். நம்பர் புரிந்தது. விரலுக்குத்தான் நம்பர் என்பதும் அதிலிருந்த கை படத்தைப் பார்த்துப் புரிந்தது. படத்தில் எந்த விரலுக்கு எந்த நம்பர் என்கிற இடத்தைக் கரையான் தின்றுவிட்டது.

சரி, நீங்களே சொல்லுங்கள். ஒன்று, இரண்டு என்று கைவிட்டு எண்ணும்போது நாம் எந்த விரலை முதலில் மடக்குகிறோம்? சுண்டுவிரலைத்தானே! பண்டிகைக்கு நாள் எண்ணுகிற குழந்தையிலிருந்து மாசம் எண்ணுகிற பிள்ளைத்தாய்ச்சி வரைக்கும் அப்படித்தான். அலமேலுவும் சுண்டுவிரலை ஒன்று என்று வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் ஐந்து. அந்தக் கணக்கில் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டுமானால், இடது கையை மல்லாக்கத் திருப்பித்தான் வைக்க வேண்டும்.

“ஒரு மாசம் பார்த்தேன் டீச்சர். கை முறுக்கிகினு தோள்பட்டையே புட்டுக்கிச்சி. இத்த எழுதனவனுக்குக் கை தலைகீழா மொளைச்சிக் கீதுன்னு நெனச்சி மூடி வெச்சிட்டேன்.”

சிரித்து முடித்துவிட்டு, எண்ணைத் திருத்திச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஜாதியா நான்?

அலமேலுவின் இடது கைக்கு ஒரு தனி வழி இருந்தது. ‘தம்’முக்கு மோதிர விரல். ‘தா தா’வுக்கு ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும். நான்கு, இரண்டு, ஒன்று. சுண்டுவிரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கிச் சும்மா கிடக்கும். வருஷக்கணக்காக அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் ஆவணியில் ஒருநாள் தாங்க முடியவில்லை.

“சுண்டுவிரலை ஏன் இப்படி மடக்கி வெச்சிருக்கே? உள்ளே புளியங்கொட்டை ஒளிச்சு வெச்சிருக்கியா?”

அவள் கையை மடியில் இறக்கிக்கொண்டாள்.

“அது சோம்பேறி விரல் அலமேலு. வேலை வாங்கினாத்தான் வணங்கும். தினம் நூறு தடவை அந்த ஒரு விரலால மட்டும் அழுத்து.”

அழுத்தினாள். இரண்டு மாதம். தினம் பிரார்த்தனை முடிந்ததும் நூறு தடவை. முடித்துவிட்டு அந்த விரலை வலது கையால் நீவிக்கொண்டே விடுதிக்குப் போவாள். ஆகா, பாடம் வேலை செய்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். என்னை யாராவது அப்போதே ஸ்கேலால் அடித்திருக்க வேண்டும்.

ஐப்பசியில் சாமை அறுப்பு. மலையில் பாதிப் பேர் லீவு. அலமேலுவும் பத்து நாள் லீவில் போனாள். ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் அவளுடைய கொல்லைக்குப் போனேன். மலையில் வயலைக் கொல்லை என்றுதான் சொல்வார்கள். சரிவில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து அறுத்துக்கொண்டு போனார்கள். இடது கை தாளைக் கொத்தாகப் பிடிக்கிறது. வலது கையிலிருக்கும் கருக்கரிவாள் ஒரு இழுப்பு. அவ்வளவுதான். பார்க்க எவ்வளவு சுலபம்!

“அருவாளைக் குடு, நானும் அறுக்கறேன்.”

“வாணாம் டீச்சர்.”

“அட குடு. தவளையை அறுக்கறவளுக்குச் சாமை அறுக்கத் தெரியாதா?”

நாலு கொத்து அறுத்தேன். ஐந்தாவது கொத்தில் என் இடது சுண்டுவிரலில் சுருக்கென்றது. அப்புறம் பார்த்தால் ரத்தம்.

எந்த விரல் என்று கவனித்தீர்களா? வேறு எந்த விரலும் வெட்டுப்படாது. கொத்தை முஷ்டியால் பிடித்தால் தரைப்பக்கம் இருப்பது சுண்டுவிரல்தான். அரிவாள் ஓடுவது அதற்குக் கீழே ஒரு அங்குலத்தில். பிடி கொஞ்சம் இறங்கினால் போச்சு.

அலமேலு வெட்டுக்காயத் தழையைக் கசக்கிப் பிழிந்து, துணியைக் கிழித்துக் கட்டினாள். மற்ற பெண்கள் சூழ்ந்துகொண்டு சிரிக்கிறார்கள். எனக்கு வலி. அவர்களுக்குக் கொண்டாட்டம்.

“டீச்சருக்கும் முத்திர வுழுந்துச்சி! இனிமே நீங்க எங்கூருப் பொம்பளதான்!”

சொல்லிக்கொண்டே ஒருத்தி தன் இடது கையை நீட்டினாள். பிறகு இன்னொருத்தி. ஒவ்வொருத்தி சுண்டுவிரலிலும் தழும்பு இருந்தது. சிலருக்கு அரிசி அளவு. சிலருக்கு நகமே கோணல். அலமேலுவும் நீட்டினாள். நடுக்கணுவில் ஒரு ஆழமான வெட்டு... காய்ந்து சுருங்கி, விரலை உள்பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது.

“பன்னண்டு வயசுல டீச்சர். நரம்பு போய்ட்டுதுன்னாங்க. அன்னிலேர்ந்து அது பாட்டுக்கு மடங்கிக் கெடக்குது.”

ஐந்து வருஷமாக நான் பார்த்த கை அது. தட்டு வாங்கியிருக்கிறேன், டீ வாங்கியிருக்கிறேன், பியானோவில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இந்த மலையில் எல்லாப் பெண்களுக்கும் அப்படி இருந்ததாலேயே என் கண் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டது போலிருக்கிறது.

“ரெண்டு மாசம் நூறு நூறு தடவை அழுத்தினியே... ஏன்டி சொல்லலை?”

“நீங்கதான் சோம்பேறி வெரலுன்னு சொல்லிட்டீங்களே. அப்பறம் வலிக்குதுன்னு சொன்னா, அதுவும் சோம்பேறித்தனமாத்தான தெரியும்?”

வெட்கத்தில் அந்த வெயிலிலும் எனக்குக் குளிர்ந்தது.

மறுநாள் பிரார்த்தனைக்கு அலமேலு இல்லை. நான்தான் வாசிக்க வேண்டும். சுண்டுவிரலில் கட்டு. வேறு வழியில்லாமல் ‘தம்’முக்கு மோதிர விரலை வைத்தேன். ‘தா தா’வுக்குக் கை தானாகவே ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் எடுத்துக்கொண்டது. நான்கு, இரண்டு, ஒன்று! சொல்ல வெட்கமாக இருக்கிறது — அந்தப் பாட்டுக்கு அதுதான் நன்றாக இருந்தது. மோதிர விரலில் ‘தம்’ திண்ணென்று விழுந்தது. பிள்ளைகள் ஒருத்தரும் பிசகவில்லை. காயம் ஆறி, கட்டு அவிழ்த்த பிறகும் அந்தப் பாட்டை நான் அப்படியேதான் வாசிக்கிறேன்.

இது போன வருஷக் கதை. இனிமேல்தான் என் கோபம் ஆரம்பிக்கிறது.

இந்த வருஷம் கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு ஆர்டர் வந்தது. பள்ளிக்கு ஒரு பாட்டு டீச்சர் வேலை. எட்டாம் வகுப்பும் ஒரு இசைச் சான்றிதழும் இருந்தால் போதும். அலமேலுவின் ஆயா வேலை வருஷத்துக்கு வருஷம் ‘தற்காலிகம்’ என்று போட்டு நீட்டுகிற வேலை. எந்த ஜூன் மாதமும் ‘இனிமேல் வர வேண்டாம்’ என்று சொல்லலாம். இந்த வேலை கிடைத்தால் நிரந்தரம்.

எங்கள் தலைமையாசிரியர் நல்லவர். ரூலுக்குப் பயந்த நல்லவர். “சர்ட்டிபிகேட் மட்டும் இருந்தா அலமேலுவையே போட்டுடலாம் டீச்சர். புரட்டாசி முடியறதுக்குள்ள பேப்பர் போகணும். இல்லேன்னா கீழேருந்து ஆள் போட்டுடுவாங்க.”

கீழேயிருந்து வருகிறவர்களை எனக்குத் தெரியும். டிரங்குப் பெட்டியைத் திறக்காமலே டிரான்ஸ்பருக்கு எழுதிப் போடுகிறவர்கள். நான் வந்த பிறகு மூன்று தமிழாசிரியர்கள் அப்படி வந்து போனார்கள். ஒருவர் திருக்குறளில் முதல் அதிகாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

மேற்கத்திய இசைக்கு ஒரு பரீட்சை உண்டு. யார் நடத்துகிறார்கள் என்று சொல்லப் போவதில்லை. வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பில்லை. வேலூரில் ஒரு சென்டர் போட்டிருந்தார்கள். வைகாசியில் ஒருநாள் முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் கிளம்பினோம். மலையில் இறங்கும்போது அலமேலு எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கணியம்பாடி தாண்டும்போதே வேலூர் வெயில் ஜன்னல் வழியாக ஏறி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

பரீட்சை அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அலமேலு உள்ளே போய் ஒரு தடவை கட்டைகள் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். உடனே திரும்பி, அங்கிருந்தே என்னிடம் சொன்னாள்.

“எல்லாக் கட்டையும் பேசுது டீச்சர்!”

பரீட்சை எடுக்க வந்தவர் முகம் சுளித்தார். அந்த வெயிலில் கோட் போட்டிருந்தார். மனுஷன் நாற்காலியை இழுத்து, அலமேலுவின் இடது கைப்பக்கமாக, ஒரு முழ தூரத்தில் போட்டுக்கொண்டார். ஒரு மெட்டைக் கொடுத்து, இடது கைத் துணையோடு வாசிக்கச் சொன்னார்.

வாசித்தாள். நான் மிகைப்படுத்தவில்லை. மூலையில் பாரங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த கிளார்க், குத்துவதை நிறுத்திவிட்டுக் காலால் தாளம் போட்டார். எல்லாக் கட்டையும் பேசுகிற பியானோவில் அலமேலு வாசித்து நானே அதற்குமுன் கேட்டதில்லை.

கோட்டுக்காரர் காதால் கேட்டதாகத் தெரியவில்லை. குனிந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த இடத்துக்குப் புத்தகத்துல எந்த விரல் போட்டிருக்கு?”

“அஞ்சு சார்.”

“நீங்க எதை வெச்சீங்க?”

“நாலு சார்.”

“தெரிஞ்சேதான் செய்யறீங்களா?”

“தெரிஞ்சிதான் சார்.”

எழுதிக்கொண்டார். போகலாம் என்றார். முடிந்தது.

‘ஏன்?’ என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு முழ தூரத்தில் அந்தத் தழும்பு. ஐயா, உங்களுக்குக் கண் தெரிகிறதே... விரலின் நம்பர் தெரிகிறது, விரல் தெரியவில்லையா?

“நீயாவது சொல்லியிருக்கலாமே அலமேலு!” என்றேன் பஸ் ஸ்டாண்டில்.

“அவரு கேக்கலியே டீச்சர். பாட்டப் பத்தி கேப்பாருன்னு இருந்தேன். வெரலப் பத்திக் கேட்டாரு. கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டேன்.”

மூன்று வாரம் கழித்து வந்தது அந்தக் கவர். அலமேலுவே ஆசையாகப் பிரித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொடுத்துத் தமிழில் படிக்கச் சொன்னாள். மெட்டு நன்று. தாளம் நன்று. காது மிக நன்று. இடது கை விரல் முறை — தேறவில்லை. அதனால் மொத்தமும் தேறவில்லை. அடியில் குறிப்பு: ‘இடது சுண்டுவிரல் சோம்பேறித்தனமாக மடங்கியே கிடக்கிறது. புத்தகத்தில் உள்ள விரல் எண்களை மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.’

அந்த வார்த்தையை நான் அவள் முகத்துக்கு நேராக இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை என் சொந்த வாயால். இந்தத் தடவை அந்த மனுஷருக்காக.

அலமேலு விரலைத் தூக்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “உன்னிய எல்லாரும் அப்டியேதான் சொல்றாங்க” என்று விரலிடம் சொல்லிவிட்டு, விடுதியில் சோறு வடிக்கிற நேரம் என்று போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

அந்தப் புத்தகத்தை எழுதியவர் யார்? எங்கோ குளிர் தேசத்தில், ஐந்து விரலும் ஒழுங்காக நீளுகிற ஒருவர். தன் கைக்கு வசதியானதை எழுதி வைத்தார். தப்பே இல்லை. அவர் கைக்கு அது சரி. ஆனால் பரீட்சைக்கு வந்தவர் அதைச் சட்டப் புத்தகமாக்கிவிட்டாரே! விரல் எதற்கு? பாட்டுக்குத்தானே? பாட்டு சரியாக வந்த பிறகு எந்த விரல் வந்தால் என்ன? ‘அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு’ என்று நம் ஊரில் பேச்சுக்குப் பேச்சு சொல்வார்களே, பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அது மறந்து போகுமா?

இத்தனையும் தலைமையாசிரியரிடம் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்... அப்படின்னு மேலே நினைச்சுடுவாங்க டீச்சர்” என்றார். நல்லவேளை, கையில் டஸ்டர் மட்டும்தான் இருந்தது.

மறுபரீட்சை கேட்கலாம் என்று கவரில் வந்த பாரத்தின் பின்பக்கத்தில் போட்டிருந்தது. ‘காரணம்’ என்று ஒரு கட்டம். நான் தனித் தாளில் நாலு பக்கம் எழுதினேன். அன்றிரவே எனக்கு இன்னொரு யோசனையும் வந்தது. சொல்லக் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

மறுநாள் அலமேலுவிடம் சொன்னேன்: “ஒரே ஒரு நாள்தானே. சுண்டுவிரலை வலது கையால நீட்டிக் கட்டை மேலே படுக்க வெச்சிடு. அழுத்தறது மோதிர விரலாவே இருக்கட்டும். பார்க்கிறவங்களுக்குச் சுண்டுவிரல் வாசிக்கிற மாதிரி தெரியும். வேலை கிடைச்சப்புறம் உன் இஷ்டம்.”

முயன்று பார்த்தாள். செத்த விரல் பாதி நீண்டும் பாதி மடங்கியும் பக்கத்திலேயே கிடந்து மோதிர விரலைத் தடுத்தது. ‘தம்’ ஒவ்வொரு தடவையும் பிந்தியது. நாலு வரி வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

“வாணாம் டீச்சர்.”

“வேலை போயிடும் அலமேலு.”

“போவட்டும். ஒரு நாளைக்கி ஆடிக் காட்டிட்டு வந்துடலாம். அப்பறம் இங்க பியானோ கத்துக்கற பொண்ணுங்களுக்கு நான் இன்னான்னு சொல்லிக் குடுக்கறது? எல்லாப் பொண்ணும் அறுப்புக்குப் போவுது. இந்த வெரலு இப்டித்தான ஆவப் போவுது? அதுங்களையும் ஏமாத்தக் கத்துக்கோன்னு சொல்றதா?”

ஸ்டூலிலிருந்து எழுந்து மூடியைச் சாத்தினாள். பிறகு நான் எழுதிய நாலு பக்கத்தையும் வாங்கிப் பார்த்தாள். “இம்மாங்கதைய யாரு படிப்பா?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தச் சின்னக் கட்டத்தில் தமிழில் தன் கையால் எழுதினாள்: ‘சாமை அறுத்ததில் விரல் போனது. பாட்டு போகவில்லை.’

ஆவணியில் மறுபடியும் எலுமிச்சம்பழம், மறுபடியும் வேலூர். இந்தத் தடவை வந்தது ஒரு அம்மாள். கதர்ப் புடவை, தடிக் கண்ணாடி. பாரத்தை எடுத்து அந்தக் கட்டத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

“சாமைன்னா என்னம்மா?”

“அரிசி மாதிரிதாம்மா, பொடிசா இருக்கும். சோறாக்கலாம், களி கெளறலாம். மலையில அதான் சாப்பாடு.”

“ஓ...” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் ஒரு காரியம் செய்தார். பியானோ பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டார். தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். “வாசிங்க” என்றார்.

அலமேலு வாசித்தாள். நான்கு, இரண்டு, ஒன்று. தம்... தா தா. ஜன்னல் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. முடிந்ததும், “போயிட்டு வாங்கம்மா” என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது திங்கட்கிழமைக் கவருக்கு வருகிறேன்.

ஏழாம் வகுப்பு முழுக்க என்னையே பார்க்கிறது. போர்டில் தவளையின் இதயம் பாதியில் நிற்கிறது. பிரித்தேன். மெட்டு நன்று, தாளம் மிக நன்று... கண்ணை ஓட்டிக் கீழே போனேன். ‘இடது கை விரல் முறை வழக்கத்துக்கு மாறானது, பாட்டுக்கு முழுதும் பொருந்துகிறது. தேர்ச்சி.’

“பாஸ் அலமேலு!”

வகுப்பு ஓவென்று கத்தியது. அலமேலு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். தலைமையாசிரியர் சத்தம் கேட்டு ஓடிவந்து, காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்து, “சாயங்கால பஸ்ஸுக்கே பேப்பரை அனுப்பிடறேன்” என்றார். புரட்டாசி முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது.

“அடியில இன்னாவோ எழுதிக் கீதே டீச்சர்?”

எழுதித்தான் இருந்தது. நான் அதைப் படிக்காமல் மடித்து வைக்கப் பார்த்தேன். அலமேலு விடவில்லை. படித்தேன்: ‘எனினும், இடது சுண்டுவிரலுக்குத் தினமும் சிறிது உழைப்புக் கொடுத்துப் பழக்குவது நல்லது.’

என் மூக்கு சிவந்ததை ஏழாம் வகுப்பு பார்த்திருக்கும். உழைப்பா? அந்த விரலுக்கா? ஜன்னலைப் பார்த்து உட்காரத் தெரிந்த அம்மாளுக்கே இந்த ஒரு வரியை எழுதாமல் இருக்க முடியவில்லையே!

அலமேலுவுக்குக் கோபமே வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“குடுத்துட்டாப் போவுது டீச்சர். வர்ற மாசம் அறுப்பு.”

அந்த அம்மாளுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கூடவே ஒரு கருக்கரிவாளையும் பார்சல் கட்டி அனுப்பலாமா என்றுதான் யோசனை.